கொறங்காட்டைக் கெடுக்கும் நல்ல எண்ணங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் புதிதாக நிலம் வாங்குகிறவர்களில் பலர், மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி விட்ட நிலமான கொறங்காட்டைப் பார்த்ததும் "சும்மா கிடக்கிற காடு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். கீழே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. காங்கேயம் மாடு இதை மேய்ந்து வளர்ந்ததுதான்.

கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுப்பவர்கள் நிறைய. கம்பி துருப்பிடிக்கும், கிளுவையோ வருஷா வருஷம் தடிக்கும், முள்ளும் உண்டு. சந்து விழுந்த இடத்தில் பக்கத்துச் செடியிலிருந்தே போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் போதும். வறட்சியில் இலை உதிர்த்து வெறுங்குச்சியாக நிற்பதைப் பார்த்து, செத்துப்போச்சு என்று வெட்டிப்போட்டவர்களும் இருக்கிறார்கள்!

அப்புறம் மரம். காலியிடம் வீணாகிறதே என்று தேக்கையும் குமிழையும் நெருக்கி நடுகிறார்கள். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்கிற மேட்டாங்காடு இது. பாசனம் இல்லாமல் தேக்கு தேறுவது கஷ்டம். தேறினாலும் அதன் அகல இலை நிழலில் புல் போய்விடும். வெள்வேல் குடை மாதிரி விரிந்தாலும் பொடியிலை என்பதால் வெயில் கீழே இறங்கும். மரத்தடியிலும் புல் நிற்கும். புல் காய்ந்த கோடையில் வெள்வேல் காய்தான் ஆட்டுக்குத் தீவனம். தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து தானாக முளைக்கும். ஆகவே நாற்றுக்கு அலைய வேண்டாம். வந்த கன்றுகளில் நல்லதாகப் பார்த்து விட்டுச் சுற்றி முள் கட்டினால் சரி. சீமைக்கருவேலும் இதே வழியில்தான் வந்து சேரும். அதைச் சின்னதிலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

மேய்ச்சலில் நடக்கும் தவறு கண்ணுக்கு உடனே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் விதை உதிர்க்கும் முன்பே மாட்டை இறக்கினால் அடுத்த வருஷம் புல் மெலியும். தடுப்பு தடுப்பாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது இதற்காகத்தான். ரொம்பவும் மெலிந்துவிட்டால் சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளம் விதைக்கிற பழக்கம் உண்டு. மண்ணில் கிடக்கும் புல்விதையும் கூடவே கிளம்பும். வருஷா வருஷம் உழுதால் அது வெறும் மானாவாரி நிலம்தான். உழும்போது டிராக்டரை மரத்தடியிலிருந்து தள்ளியே ஓட்டச் சொல்லுங்கள். ஆடு நிழலில் படுத்த இடத்தில்தான் வெள்வேல் கன்றுகள் முளைத்திருக்கும்.