கொழும்பு வெயிலும் என்ஜின் ஒயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நம்ம ஊர்ச் சூட்டுக்கு இது தாங்காது சேர், தண்ணி மாதிரி இருக்கு. கொஞ்சம் தடித்த ஒயிலாப் போடுவோம்.” கொழும்பில் கார் வைத்திருக்கும் பலரும் சேர்விஸுக்குப் போன இடத்தில் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் தொழில் பழகிய காலத்து என்ஜின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. ஆனால் இன்று நம் வீதிகளில் ஓடும் அக்குவாவுக்கும் வெகன் ஆருக்கும் அந்த யோசனை பொருந்தாது. ஒயில் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது.

கேனில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று இருக்கும் எண்களில் முன்னால் வருவது கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 பாகை செல்சியஸில் சோதித்துப் பார்த்த ஒயில். பின்னால் வரும் எண், 100 பாகைச் சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பது. ஆகவே 0டபிள்யூ-40 ஒயிலும் 15டபிள்யூ-40 ஒயிலும் சூடேறிய என்ஜினுக்குள் ஏறக்குறைய ஒரே தடிப்புத்தான். முன்னால் பூச்சியம் இருக்கிறதே என்று பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது சூட்டுக் கதைக்கு வருவோம். வெளியே கொழும்பின் 32 பாகை வெயிலாக இருந்தாலும் சரி, நுவரெலியாக் குளிராக இருந்தாலும் சரி, என்ஜின் சூடேறிய பிறகு ரேடியேற்றர் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் 90 பாகையை ஒட்டியே வைத்திருக்கிறது. ஒயிலின் சூடும் அதிலிருந்து வெகுதூரம் போகாது. எனவே பின் எண்ணைத் தீர்மானிப்பதில் ஊர் வெயிலுக்குப் பெரிய பங்கில்லை. சுழலும் கிராங்குத் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் நூலிழை இடைவெளி, ஒயில் பம்பின் வலு, ஒயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு), இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. 0டபிள்யூ-20க்கு என்று செய்த என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், சூடேறிய நிலையில்கூட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பான ஒயிலை அந்தப் பம்ப் தள்ள வேண்டியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் மேலே போய்ச் சேரப் பிந்தும். வால்வ் டைமிங் மந்தமாகும், பெற்றோலும் கூடப் போகும். ஹைப்ரிட் காரில் என்ஜின் ஓய்ந்து ஓய்ந்து எழும்புவதால் இந்தத் தாமதம் இன்னும் பாதிக்கும்.

சரியான எண்ணை எங்கே பார்ப்பது? கையேட்டில். ஜப்பானில் இருந்து வந்த றீகண்டிஷன் வாகனம் என்றால் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும் என்று பலர் திறப்பதே இல்லை. ஆனால் ஒயில் அட்டவணையில் இருக்கும் எண்கள் யாருக்கும் விளங்கும். அதுவும் இல்லையா, பொனட்டைத் திறந்து ஒயில் ஊற்றும் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பல கார்களில் அந்த மூடியின் மேலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கும். கராஜில் யார் என்ன சொன்னாலும் அந்த மூடியைக் காட்டிப் பேசலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் நிறையப் பேர் பழைய காரையே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு சேர்விஸுக்கு இடையில் ஒயில் குறைகிறது என்றால், முதலில் கசிவும், ஒயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கையேடு இடம் தந்தால் 0டபிள்யூ-20இல் இருந்து 5டபிள்யூ-30க்கு ஒரு படி ஏறலாம். ஒரேயடியாக 50க்குத் தாவக் கூடாது.

பிராண்ட் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். என் கணிப்பில் அது கடைசிக் கேள்வி. கால்டெக்ஸ் ஹவோலினா, மொபிலா, காஸ்ட்ரோலா, சேர்வோவா என்று மல்லுக்கட்டுவதை விட, கேனின் பின்பக்கத்தில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) தரம் என்ன என்று படிப்பது நல்லது. பெற்றோல் என்ஜினுக்கு எஸ் என்று தொடங்கும், டீசலுக்கு சி என்று தொடங்கும். பெற்றோல் வகையில் 2020இல் வந்த எஸ்பி, அதற்கு முந்திய எஸ்என்னை விட மேலானது. தடிப்பும் தரமும் ஒன்றாக இருந்தால் நம்பகமான எந்தப் பிராண்டும் போதும். பென்ஸ், பிஎம்டபிள்யூ, வொக்ஸ்வேகன் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்தந்தக் கம்பனியின் அங்கீகார எண் கேனில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு மிஞ்சிய கார் ஒயிலை ஊற்றுவது இன்னொரு தவறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் ஒயிலுக்குள்ளேயே மூழ்கி வேலை செய்கிறது. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் இரசாயனத்தால் கிளச் வழுக்கலாம். ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கும் கேனையே கேளுங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டருக்கு எம்பி போதும். பஜாஜ் நாலு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு 20டபிள்யூ-50 தான் சரி. அதையே பார்த்துப் பழகியவர்கள் காருக்கும் அதைச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்குக் காலி வீதியில் மாலை நேரம் ஊர்ந்து போகும்போது மீற்றரில் கிலோமீற்றர் ஏறாது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல சிந்தெற்றிக் ஒயில்தானே, பத்தாயிரம் வரைக்கும் இழுக்கலாம் என்று இங்கே கணக்குப் போடாதீர்கள். கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கு என்று தனியாக ஒரு குறுகிய கால அளவு இருக்கும். கொழும்பு ஓட்டம் அந்த வகைதான். ஒயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள்.

வாங்கும்போது சீல் உடையாத கேன், கண்முன்னே திறப்பது, வெறும் கேனைக் கையோடு கொண்டுவருவது அல்லது ஓட்டை போட்டு எறிவது, இந்த மூன்றையும் விடாதீர்கள். வெறும் கேன்களில்தான் போலி ஒயில் நிரம்புகிறது.

கடைசியாக அளவு. 660 சீசீ வெகன் ஆர் போன்ற காருக்குச் சுமார் 3 லீற்றர் போதும். காசு கொடுத்ததாச்சே என்று 4 லீற்றர் கேனையும் கவிழ்க்க விட்டால், கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஒயிலில் அழுத்தம் நிற்காது, என்ஜின் சீல்கள் வழியே கசிவும் தொடங்கும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, ஒயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில், மேல் குறியைத் தாண்டாமல் நிற்க வேண்டும். மிச்ச ஒயிலை இறுக மூடி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இடையில் குறைந்தால் ஊற்ற உதவும்.