கால் விரிந்த புறாக்குஞ்சு

ஆரையம்பதியில் வீட்டுக் கோடிப்பக்கம் 6 சோடிப் புறா வளர்க்கிறேன். போன மாரியில் ஒரு சோடி 2 முட்டையிட்டு, 18ஆம் நாள் பொரித்தது. ஒரு கிழமையில் பார்த்தால், ஒரு குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, நெஞ்சு பலகையில் படக் கிடந்தது. மனசு கேட்கவில்லை.

முதலில் சத்துக் குறைவென்று நினைத்துச் சிப்பித்தூள் கூடுதலாக வைத்தேன். அதில்லை. கூட்டுக்குள் கைவிட்டுத் தடவியபோதுதான் தெரிந்தது: வழுவழுப்பான பிளைவுட் பலகை, ஆண்புறா கொண்டுவந்த நாலைந்து ஈர்க்கும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. குஞ்சுக்குக் கால் ஊன்றப் பிடியே இல்லை.

அகன்ற மண்சட்டியில் தும்பு பரப்பி, மேலே ஈர்க்கை முறித்துப் போட்டேன். பழைய பருத்திச் சீலையில் ஒரு நாடா கிழித்து, கால்கள் உடம்புக்கு நேர்கீழே நிற்கும் இடைவெளி விட்டுத் தளர்வாகக் கட்டினேன். எலும்பு இளசாக இருக்கும்போதே செய்ய வேண்டும், பிந்தினால் சரிவராது. வளரும் காலில் கட்டு இறுகிவிடும் என்பதால் தினமும் அவிழ்த்துப் பார்த்தேன். நல்ல காலம், தாயும் தகப்பனும் இரை ஊட்டுவதை நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் கட்டை எடுத்தேன். தள்ளாடித் தள்ளாடி நின்றது. இப்போது தென்னைக்கு மேலே பறக்கிறது. மற்றக் கூடுகளுக்கும் சட்டி வைத்துவிட்டேன்.