முதல் கோல்ஃப் செட்: பிராண்டை விடுங்கள், மணிக்கட்டின் உயரத்தை அளந்து பாருங்கள்

கோல்ஃப் என்றால் துரைமார் ஆட்டம் என்ற காலம் மலையேறிவிட்டது. மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்திலேயே ஒரு திடல் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் சுங்கைப்பட்டாணியில் சிந்தா சாயாங் திடல். அப்பா 'கேடி' வேலையில் ஆட்டக்காரரின் பையைச் சுமந்த திடலில் பிள்ளை பணம் கட்டி ஆடுகிற குடும்பங்களும் தோட்டப்புறத்தில் உண்டு. எம். ராமையா, பி. குணசேகரன் என்று நம் ஆட்களே தொழில்முறை ஆட்டத்தில் பெயர் எடுத்த நாடு இது. ஆனாலும் புதிதாக ஆட வருகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "எந்த பிராண்ட் நல்லது?"

அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆட ஆரம்பிக்கிறவருக்கு மூன்று விஷயம் பொருந்தினால் போதும்: மட்டையின் நீளம், லை கோணம் (மட்டைத் தலை தரையில் படியும் கோணம்), கிரிப் (கைப்பிடி). மற்றதெல்லாம் உங்கள் வீச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு.

முதல் படி: எத்தனை மட்டை?

விதிப்படி ஆட்டத்தின்போது பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அது உச்ச வரம்பு, அத்தனையும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தூரம் அடிக்க ஒரு 5 வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைபிரிட், இரும்புத் தலை மட்டைகளான 7, 9 அயர்ன், கிட்டத்து அடிக்குப் பிட்சிங் வெட்ஜ், மணல் குழிக்குச் சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்டப் பட்டர். இந்த ஏழை வைத்துக்கொண்டு ஒரு வருடம் தாராளமாக ஆடலாம். மிக நீளமான அடிக்கான டிரைவர்? ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆனால் முகச் சாய்வு 9 டிகிரி இருப்பதன் பக்கம் போகாதீர்கள், பத்தரை முதல் 12 டிகிரி வரை பாருங்கள். வீச்சு வேகம் குறைவாக இருப்பவருக்குக் கோணம் கூடினால்தான் பந்து எழும்பும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே அளவு எடுங்கள்

இதற்குத் தையற்காரர் டேப்பு போதும். ஆடும்போது போடும் காலணியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தொங்க விடுங்கள், தோளை இறக்காதீர்கள். மணிக்கட்டின் ரேகையிலிருந்து தரை வரை இன்னொருவர் அளக்கட்டும். நீங்களே குனிந்து அளந்தால் கணக்கு தப்பும்.

ஏன் உயரம் மட்டும் போதாது? ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும், மற்றவருக்குக் கால். மட்டையைப் பிடிப்பது கை, அதனால் கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். 34 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஆண்களுக்கான வழக்கமான நீளம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால் அரை அங்குலம் குட்டையானது, கூடினால் அரை அங்குலம் நீளமானது என்று தொடங்கலாம். அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 'லேடீஸ் செட்' என்று கடையில் நீட்டுவதை அப்படியே வாங்க வேண்டியதில்லை. அவை பொதுவாக ஓர் அங்குலம் குட்டை, ஷாஃப்ட் (தண்டு) மிக மென்மை. பள்ளியில் வலைப்பந்து, ஓட்டம் என்று ஆடி வளர்ந்த உயரமான பெண்ணுக்கு ஆண்களின் சீனியர் ஷாஃப்ட் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

மூன்றாம் படி: பந்தில் ஒரு கோடு

மட்டையின் அடிப்பகுதி தரையில் எப்படிப் படிகிறது என்பதுதான் லை. வலக்கை ஆட்டக்காரருக்கு, அடிக்கும் கணத்தில் மட்டையின் மூக்கு (தலையில் தண்டுக்கு எதிர்முனை) தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் போகும், மூக்கு தாழ்ந்தால் வலப்பக்கம். நேராகத்தான் வீசுகிறீர்கள், பந்து மட்டும் ஒரே பக்கம் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இது புரியாமல் வருடக்கணக்காக வீச்சைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

சோதனை எளிது. டிரைவிங் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் இடம்) ஒரு 7 அயர்னும், வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரும் எடுத்துப் போங்கள். பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு மட்டையின் முகத்தைப் பார்த்தபடி, செங்குத்தாக நிற்கும்படி பந்தை வையுங்கள். அடித்ததும் முகத்தில் மை ஒட்டியிருக்கும். கோடு நேராக நின்றால் லை சரி. கோட்டின் தலை மூக்குப் பக்கம் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. தண்டுப் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது. ஒரு அடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். துடைத்துவிட்டு ஏழெட்டு பந்து அடித்து, அடிக்கடி வரும் சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். மை அப்போதே துடைத்தால் போய்விடும், காயவிட்டால் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

பட்டறையில் லையை வளைத்துத் தருவார்கள். ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய அயர்ன் சொன்னபடி வளையும். வார்ப்பு அயர்னை ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வளைப்பது ஆபத்து, தண்டு சேரும் கழுத்து முறியலாம். இன்னொன்று, மட்டையை அரை அங்குலம் நீட்டினால் லை ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்ததற்குச் சமம். அதனால் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள், லையை அப்புறம் தொடுங்கள். இந்தப் பொருத்தத்தை நிற வாரியாகப் பிரித்து விற்ற பிங் கம்பெனியைத் தொடங்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர். பிங் அயர்னில் கறுப்புப் புள்ளி இருந்தால் வழக்கமான லை என்று பொருள். பழைய செட் வாங்கும்போது இது உதவும்.

நான்காம் படி: ஷாஃப்டும் கிரிப்பும்

டிரைவர் வீச்சு வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் சீனியர் (மென்மையான தண்டு), 85 முதல் 95 வரை ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப் (விறைப்பான தண்டு) என்பது பொதுக் கணக்கு. இளம் பையன்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஸ்டிஃப் கேட்பார்கள். கேட்கட்டும், பந்து சொல்லிவிடும்.

கிரிப்பை யாரும் கவனிப்பதில்லை. இடக்கையால் மட்டையைப் பிடியுங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலின் அடிச்சதையை இலேசாகத் தொட்டால் அளவு சரி. சதையில் குத்தினால் கிரிப் மெல்லியது, எட்டாமல் நின்றால் தடித்தது. நம் ஊர் வெயிலில் மூன்றாவது ஹோலுக்குள் உள்ளங்கை நனைந்துவிடும். நூல் கலந்த கிரிப் வியர்வையில் வழுக்காது, ஆனால் கை மென்மையானவருக்குக் காய்க்கும். வாங்கிய கிரிப்பை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவினாலே பாதி வழுக்கல் போகும்.

ஐந்தாம் படி: ஃபிட்டிங் போகும் நாள்

ராடாரும் கேமராவும் வைத்து அளக்கும் இடம் வேண்டுமானால் பினாங்குக்குப் போக வேண்டியிருக்கும். போகும் முன் தூங்கி எழுங்கள், தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் போய் அளந்தால் அது களைத்த உடம்பின் அளவு. உங்கள் பழைய 7 அயர்னைக் கையோடு எடுத்துப் போங்கள், அதன் கணக்கோடு ஒப்பிட்டால்தான் புதியது எவ்வளவு மேல் என்று தெரியும்.

"பாஸ், இது லேட்டஸ்ட் மாடல், உங்களுக்கு இருபது மீட்டர் கூடுது பாருங்க" என்பார் கடைக்காரர். கூடும்தான். பழைய 7 அயர்னின் முகச் சாய்வு 34 டிகிரி, இப்போதைய பல மாடல்கள் 30-க்கும் கீழே. எண் ஏழு, வேலை ஆறாம் நம்பருடையது. டிகிரியைக் கேளுங்கள். திரையில் தூரத்தைவிடப் பந்துகள் விழுந்த இடங்களின் சிதறலைப் பாருங்கள். ஒன்று மிக நீளமாகப் போய், மற்றவை ரப்பர் மரத்துக்குள் போகும் மட்டை உங்களுக்கு வேண்டாம்.

ஆறாம் படி: புதுசா, செகண்ட் ஹேண்டா?

என் ஓட்டு செகண்ட் ஹேண்டுக்கு. ஜப்பானிலிருந்து வரும் பழைய செட்டுகள் நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு 100 கிராமை ஒட்டிய இலேசான ஸ்டீல் ஷாஃப்ட் இருக்கும், நம் உடல்வாகுக்கு அது நல்லது. ஜப்பான் ரெகுலர், அமெரிக்க ரெகுலரைவிடச் சற்று மென்மையாக இருப்பதுண்டு, அடித்துப் பார்த்து வாங்குங்கள். வெட்ஜின் வரிப்பள்ளத்தில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்ட வேண்டும். மட்டையின் தலையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலத்தால் வேண்டாம். கிராஃபைட் ஷாஃப்டில் கழுத்தருகே விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புத்தம் புதிய பெரிய பிராண்ட் செட் பாதி விலைக்கு முகநூலில் வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தில் வரிசை எண் செதுக்கியிருக்கிறதா, எழுத்துகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வெள்ளியை நீட்டுங்கள்.

பட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 33 முதல் 35 அங்குலத்துக்குள், பந்துக்கு மேலே கண் வரும்படி நிற்க முடிகிற ஒன்றாக எடுங்கள்.

வாங்கிய செட்டைக் கார் பூட்டிலேயே போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், தலையை ஒட்டியிருக்கும் பசை இளகும். ஆறு மாதம் ஆடி வீச்சு மாறியதும் மறுபடி பந்தில் கோடு போட்டுப் பாருங்கள். சாய்வு தெரிந்தால் ஒரு டிகிரி வளைக்கச் சொன்னால் போதும், இன்னொரு செட்டுக்கு அவசரம் இல்லை.