மோட்டாரில் நீர்த்தாரை நின்றபோது

தொண்டியிலிருந்து மச்சானோடு பைபர் வள்ளத்தில் போயிருந்தேன். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அடியெல்லாம் தாழை எனும் கடற்புல். திடீரென்று மோட்டாரின் பின்பக்கம் பீச்சிக்கொண்டிருந்த நீர்த்தாரை நின்றுபோனது. வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் இந்த அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல்நீர்தான் அதைக் குளிர வைக்கிறது; அந்த நீர் உள்ளே ஓடுவதைக் காட்டுவதுதான் இந்தத் தாரை. தாரை நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் செலவு தாங்காது.

நங்கூரம் போட்டு மோட்டாரைத் தூக்கினோம். நீர் உறிஞ்சும் சல்லடை முழுக்கத் தாழை அப்பியிருந்தது, வழித்தெடுத்தேன். தாரை வரும் துளையில் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்தியதும் மணலும் உப்பும் உதிர்ந்தன.

“மாப்ள, மூடியத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?” என்றார் மச்சான். கூடவே கூடாது. கொதிக்கிற அலுமினியத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், ஒயர்களிலும் உப்பேறும். தானாக ஆறட்டும் என்று காத்திருந்தோம்.

ஸ்டார்ட் செய்ததும் தாரை வந்தது, ஆனால் மெலிதாக. மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்து, கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். பம்ப்பில் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் ஓர் இதழ் முறிந்திருந்தது. புதிதை மாட்டுமுன் அந்த முறிந்த துண்டைத் தேடி எடுத்துவிடுங்கள். உள்ளே கிடந்தால் நீர்ப்பாதையை மறுபடி அடைக்கும்.