தாய்க்குக் காம்பு எரிச்சல், பிள்ளைக்கு நாக்கில் வெள்ளை: மதுரையில் சரியான சிகிச்சைக்குப் போவது எப்படி?

பால் கொடுத்து முடித்ததும் காம்பில் மிளகாய் பட்டது போல எரிகிறது. பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு வெள்ளையாக இருக்கிறது. "அக்கரம் பிடிச்சிருக்கு" என்கிறார் அப்பத்தா, அதாவது வாயில் பூஞ்சைத் தொற்று. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் பூஞ்சைக்கு ஒரு ஆயின்மென்ட் ட்யூப் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்தும் எரிச்சல் போகவில்லை, அல்லது கூடிவிட்டது. இப்படித் தவிக்கும் தாய்மார்கள் நிறையப் பேர்.

எரிச்சல் போகாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, அது பூஞ்சையே இல்லை. வேறு கோளாறுக்குப் பூஞ்சை மருந்து போட்டிருக்கிறார்கள். இரண்டு, அது பூஞ்சைதான், ஆனால் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை பிள்ளையின் வாயிலிருந்து தாயின் காம்புக்கும், காம்பிலிருந்து திரும்ப வாய்க்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் டாக்டர் இருவரையும் பார்க்க வேண்டும், மருந்தையும் இருவருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும்போதும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். திடீரென நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வேறு தொல்லை வரும்.

படி 1: பிள்ளையின் வாயைப் பாருங்கள்

பால் குடித்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் கிடத்துங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலில் சுத்தமான வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி, கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனையுங்கள். சாயத் துணி வேண்டாம். சுங்குடிச் சேலைக் கிழிசல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சாயம் இறங்கும்.

வெள்ளையாக இருக்கும் இடத்தை ஒரே ஒரு முறை மெல்லத் துடையுங்கள். பால் படிவு என்றால் வந்துவிடும். பூஞ்சைப் படலம் எளிதில் வராது. வந்தாலும் அடியில் சிவந்திருக்கும், சில சமயம் ரத்தம் கசியும். உடனே நிறுத்திவிடுங்கள். அழுத்தி வழித்தெடுக்கக் கூடாது.

நாக்கோடு விடாமல் கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். நாக்கு மட்டும் சீராக வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் பால்தான். கன்னத்தின் உள்ளே தயிர் ஒட்டியது போலத் திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையின் தொடை இடுக்கையும் பாருங்கள். மடிப்புக்குள் நல்ல சிவப்பாகப் படர்ந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள் தெரிந்தால் அங்கேயும் பூஞ்சை இருக்கலாம். அதை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். கண்டதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வலியை இரண்டு நாள் குறித்துவையுங்கள்

டாக்டருக்கு மிகவும் உதவுவது இந்தக் குறிப்புதான். ஒரு தாளில் ஒவ்வொரு முறை பால் கொடுத்த நேரம், வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, பிள்ளை வாயை எடுத்தவுடன் காம்பு என்ன வடிவில், என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள்.

பிள்ளை கவ்வும்போது சுரீரென்று வலித்து, பிறகு குறைகிறதா? வாயை எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் சாய்த்து வெட்டியது போலச் சப்பையாக இருக்கிறதா? அப்படியானால் பிள்ளை மார்பைக் கவ்வும் விதம் சரியில்லை. காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதியையும் வாய்க்குள் வாங்க வேண்டும். இதற்கு எந்த ஆயின்மென்டும் வேலை செய்யாது. பிள்ளையைப் பிடிக்கும் நிலையை மாற்ற வேண்டும்.

பால் கொடுத்த பின் காம்பு வெளிறிப் போய், அப்புறம் நீலமாகவோ சிவப்பாகவோ மாறி, துடித்து வலித்தால் அது ரத்தக் குழாய் சுருங்குவதால் வரும் வலி. ஏசி அறையில் இருக்கும்போதும், குளித்துவிட்டு ஈரத்தோடு வரும்போதும் கூடும். சூடான துணி ஒத்தடம் கொடுத்தால் குறையும். இதைப் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசுகிறவர்கள் உண்டு.

வெடிப்பில் மஞ்சள் பொருக்கோ சீழோ இருந்தால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அரிப்பு அதிகமாக இருந்து, புதுச் சோப்போ கிரீமோ மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் அலர்ஜியாக இருக்கலாம்.

பூஞ்சைக்கான அடையாளமே வேறு. சில வாரங்கள் வலியில்லாமல் நன்றாகப் பால் கொடுத்து வந்த தாய்க்குத் திடீரென இரண்டு காம்பிலும் எரிச்சல் தொடங்கும். பால் கொடுத்து முடித்த பிறகு கூடி, ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். ஜாக்கெட் துணி பட்டாலே தாங்காது. காம்பு இளஞ்சிவப்பாக மாறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அது தெரியாமல் போகலாம். அதனால் பளபளப்பு கூடியிருக்கிறதா, மெல்லிய செதில் உரிகிறதா என்று பாருங்கள். சிசேரியனுக்குப் பிறகோ வேறு காரணத்துக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். மார்புக்குள் ஆழத்தில் குத்தும் வலி பூஞ்சையால் வருகிறதா என்பதில் மட்டும் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இரண்டு நாள் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. தாய்க்குக் காய்ச்சல் வந்து, மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாக இறுகினால் அன்றைக்கே போக வேண்டும். பூஞ்சை காய்ச்சலைக் கொண்டுவராது, இது மார்பழற்சி, அதாவது மார்பு வீங்கி அழலும் நோய். பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, ஒரு நாளில் சிறுநீர் 6 முறைக்கும் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

படி 3: அதுவரை பூசக் கூடாதவை

மெடிக்கலில் கேட்காமலே எடுத்துத் தரும் "எல்லாத்துக்கும் கேட்கும்" களிம்பு முதலாவது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. முதல் இரண்டு நாள் எரிச்சல் அடங்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால் பூஞ்சை அடியில் பரவும், காம்புத் தோலும் மெலியும். டாக்டர் வேறு காரணத்துக்காகப் பார்த்து எழுதினால் ஒழிய வேண்டாம்.

பிள்ளையின் நாக்கில் தேன் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரலாம். வெங்காரத்தைப் பொரித்துக் குழைத்துத் தடவுவது பழைய வழக்கம். வெங்காரமும் போராக்ஸ் கிளிசரினும் பச்சைப் பிள்ளைக்கு விஷம், வலிப்பு வரை கொண்டுபோகும். ஊதா நிற ஜென்ஷன் வயலட்டையும் இப்போது பரிந்துரைப்பதில்லை, வாயைப் புண்ணாக்கும். அப்பத்தாவும் அம்மாச்சியும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். சண்டை போடாமல், "டாக்டர் பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் வைக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க, அப்பத்தா" என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: எங்கே போவது

கிராமத்தில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போதே வாயையும் காட்டலாம். 45ஆம் நாள் ஊசிக்குப் போகிற சமயத்தில்தான் பலருக்கு இந்தத் தொல்லை தொடங்கியிருக்கும். அவரால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்ப முடியும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவமனைகள் போதும். அங்கே தீராவிட்டால் கோரிப்பாளையம் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் ஒரு சிக்கல் பொது. மகப்பேறு டாக்டர் தாயைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்க்க மாட்டார். குழந்தை டாக்டர் பிள்ளைக்கு எழுதித் தருவார், தாயின் மார்பைப் பார்க்க மாட்டார். ஒருவருக்கு மட்டும் மருந்து கிடைப்பது இப்படித்தான். அதனால் காலையிலேயே போய், தாய் பெயரில் ஒன்று, பிள்ளை பெயரில் ஒன்று என இரண்டு ஓ.பி. சீட்டு போடுங்கள். முதலில் குழந்தைகள் பிரிவு, பிறகு அந்தச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு மகப்பேறு பிரிவு அல்லது தோல் பிரிவு. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் வரிசையில் நின்றால் இன்னொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, ஏற்கெனவே பூசிய ட்யூப், வலிக் குறிப்பு, போன் படங்கள்.

படி 5: டாக்டரிடம் என்ன சொல்வது

கூச்சத்தில் "மார்பு வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பால் கட்டியதற்கான மருந்துதான் கிடைக்கும். கிட்டத்தட்ட இப்படிச் சொல்லுங்கள்:

"மேடம், அஞ்சு வாரம் வலியில்லாம பால் குடுத்தேன். ஆறு நாளா ரெண்டு காம்புலயும் எரியுது, குடுத்து முடிச்சப்புறம் முக்கால் மணி நேரம் இருக்கு. காய்ச்சல் இல்ல. சிசேரியனுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். புள்ளைக்குக் கன்னத்துக்குள்ள வெள்ளை இருக்கு, தொடச்சா வரல. புள்ளைக்கு இந்த மருந்து எழுதியிருக்காங்க. பால் குடுக்கிறப்ப ஒரு தடவை பார்க்கிறீங்களா?"

கடைசி வரி முக்கியம். பிள்ளை கவ்வும் விதத்தைப் பார்க்காமல் காம்பு வலிக்குக் காரணம் சொல்வது கடினம். டாக்டருக்கு நேரமில்லை என்றால் பிரசவ வார்டு செவிலியரிடம் கேளுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. ஏற்கெனவே மருந்து பூசியும் கேட்கவில்லை என்றால், காம்பிலிருந்தும் பிள்ளையின் வாயிலிருந்தும் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எதுவென்று கண்டறியும் சோதனை) பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

படி 6: சீட்டை வாசியுங்கள்

தாய்க்கு வழக்கமாக எழுதுவது 2 சதவீத மைக்கோனசோல் கிரீம். பிள்ளைக்கு நிஸ்டாட்டின் சொட்டு மருந்து, அல்லது க்ளோட்ரிமசோல் வாய்ப்பூச்சு. மைக்கோனசோல் வாய் ஜெல் கெட்டியானது, தொண்டையை அடைக்கும் ஆபத்து உண்டு. 4 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அதை எழுதியிருந்தால் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

களிம்பில் குறையாவிட்டால் தாய்க்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதுவார்கள். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, 150 மி.கி. மாத்திரை ஒன்றோடு நிறுத்திவிடுவது. அது பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கான அளவு. காம்புத் தொற்றுக்கு முதல் நாள் கூடுதல் அளவு, பிறகு தினம் 100 அல்லது 200 மி.கி. என 7 முதல் 14 நாள் வரை டாக்டர் தீர்மானிப்பார்.

பால் ஊற டோம்பெரிடோன் சாப்பிடுகிறீர்களா? நம்மூரில் நிறையத் தாய்மார்களுக்கு அது எழுதப்படுகிறது. ஃப்ளூகோனசோலோடு அதைச் சேர்த்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதைச் சொல்லாமல் மாத்திரையைத் தொடங்காதீர்கள். இதயக் கோளாறோ கல்லீரல் கோளாறோ இருந்தாலும் சொல்ல வேண்டும்.

படி 7: மருந்து போடும் முறை

வரிசை எப்போதும் ஒன்றுதான்: பால், பிள்ளைக்கு மருந்து, கை கழுவுதல், காம்புக்குக் களிம்பு.

நிஸ்டாட்டின் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும். பொதுவாக எழுதும் அளவு ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு 4 வேளை. சொட்டுக் குழாயால் ஒரு கன்னத்தில் பாதி, மறு கன்னத்தில் பாதி விடுங்கள். இந்த மருந்து பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். தொண்டையில் நேராக ஊற்றினால் விழுங்கிவிடும், பயனில்லை. பால் கொடுப்பதற்கு முன் போட்டால் பாலோடு கழுவிப் போய்விடும். வாய்ப்பூச்சு என்றால் சுத்தமான விரலில் தொட்டுத் திட்டுகள் மேல் ஒற்றுங்கள்.

காம்பைக் காற்றில் ஒரு நிமிடம் உலரவிட்டு, களிம்பை உளுந்தளவு எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். அடுத்த முறைக்குள் தோல் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும்படி மீந்திருந்தால் மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் வறண்டு வெடிக்கும்.

வெள்ளை மறைந்த அன்றே நிறுத்துவதுதான் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். நிஸ்டாட்டின் என்றால் மறைந்த பிறகும் 2 நாள் தொடர வேண்டும். மற்றவற்றுக்குச் சீட்டில் எழுதிய நாள் முழுவதும்.

வீட்டில்: பாலாடை, சங்கு, பாட்டில் நிப்பிள், பால் பீய்ச்சும் பம்பில் பால் படும் பாகங்கள் எல்லாவற்றையும் தினமும் கொதிக்கவையுங்கள். உள்ளாடையை, மார்புத் துணியை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். சித்திரை வெயில் புழுக்கத்தில் வியர்வையில் நனைந்த துணி மார்பிலேயே கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நனைந்ததும் மாற்றுங்கள். பீய்ச்சிய பாலை அன்றே கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் கேண்டிடா சாகாது என்பதால் சேமித்துவைக்க வேண்டாம்.

படி 8: மறுபடி எப்போது போவது

இரண்டு மூன்று நாளில் எரிச்சல் குறையத் தொடங்க வேண்டும். 7 நாள் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லை என்றால் அதே மருந்தை இன்னொரு ட்யூப் வாங்காதீர்கள். அதே சீட்டோடு திரும்பப் போய், "இது பூஞ்சைதானா, வேற ஏதாவதா?" என்று கேளுங்கள்.

சரியாகிச் சரியாகித் திரும்ப வந்தால் தாய்க்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தாய்க்குப் பெண்ணுறுப்பில் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து வேண்டும். பிள்ளைக்கு 9 மாதம் தாண்டியும் வாயில் பூஞ்சை விடாமல் வந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ குழந்தை டாக்டரிடம் எதிர்ப்புச் சக்திக்கான பரிசோதனை பற்றிப் பேசுங்கள்.