சனி ஞாயிறைக் கோட்டை விடும் வழிகள்

வெள்ளி மாலை 6 மணிக்கு வேலை முடிந்து, திங்கள் காலை 9 மணிக்கு மறுபடி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 63 மணி நேரம். காகிதத்தில் பார்க்கப் புதையல் மாதிரி இருக்கும். அதில் மூன்று இரவுத் தூக்கத்துக்கு 24 போய்விடும். வெள்ளி மாலைக் களைப்பும் திங்கள் காலை ஓட்டமும் சேர்ந்து ஒரு 6. துணி துவைப்பது, வீடு கூட்டுவது, கடைக்குப் போவது, சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாம் இரண்டு நாளைக்கும் சேர்த்து 15 என்று போடுங்கள். மிச்சம் 18.

இந்த 18 மணி நேரத்துக்குள்தான் ஒரு சின்னப் பயணம், பாதியில் நிற்கும் குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை), நண்பர் வீடு, ஒரு நல்ல மதியத் தூக்கம் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கிறோம். ஞாயிறு இரவு 'எப்படிப் போச்சுன்னே தெரியல' என்று சொல்லும்போது சோம்பலைத்தான் திட்டிக்கொள்கிறோம். என் வார இறுதிகளைக் கெடுத்தது பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரே காலையில் ஐந்து நாள் தூக்கத்தை வசூலிப்பது

வாரநாளில் இரவு 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறவர், விடுமுறையில் விடிகாலை 2 மணிக்குப் படுத்து 10 மணிக்கு எழுகிறார். வாரநாளில் அவர் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 2.30. விடுமுறையில் அது 6 மணி. மூன்றரை மணி நேர இடைவெளி. மூன்று நான்கு நேர மண்டலங்களைத் தாண்டிப் பறந்துவிட்டு இரண்டே நாளில் திரும்பி வந்தவரின் உடம்பு படும் பாட்டை, வீட்டைவிட்டு நகராமலே பட்டுக்கொள்கிறோம். உடல் கடிகாரத்தை ஆராயும் ஜெர்மானியர் டில் ரோன்னபெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006இல் இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஞாயிறு இரவு புரண்டு புரண்டு படுப்பதற்கு வாராந்திரக் கூட்டத்தின் மேல் பழி போடுவோம். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலை 10 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்குப் படுத்தால், அவர் விழித்திருந்தது 13 மணி நேரம்தான். வாரநாளில் 17 மணி நேரம் விழித்திருந்துவிட்டுப் படுக்கிற உடம்பு அது. எப்படித் தூங்கும்?

எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் இருப்பதும், எழுந்தவுடன் திரைச்சீலையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடுவதும் போதும். பாக்கித் தூக்கம் இருந்தால் மதியம் 20, 30 நிமிடம் கண்ணயரலாம், அல்லது வெள்ளி இரவே சீக்கிரம் படுக்கலாம். வெள்ளி இரவு யார் சீக்கிரம் படுப்பார்கள் என்று கேட்காதீர்கள். நானும் படுப்பதில்லை.

வரைபடம் சொல்லும் நேரத்தை நம்பிக் கிளம்புவது

சின்னப் பயணத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, தூரத்தை மட்டும் பார்ப்பது. 'ரெண்டரை மணி நேரம்தான்' என்பார்கள். வாசலைப் பூட்டி, பேருந்து நிலையம் போய், காத்திருந்து, இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துப் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பவும் அதே நான்கு. நான் வைத்திருக்கும் அளவு இது: வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம் வெளியே இருக்கப் போகிறேனோ, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவழிப் பயணம் இருக்கக் கூடாது. பத்து மணி நேரம் வெளியே என்றால் போக இரண்டு, வர இரண்டு. அதற்கு மேல் தூரம் என்றால் அங்கே ஒரு இரவு தங்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஊர் இந்த வாரத்துக்கு இல்லை.

மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி எழுதி வைத்தார். இன்றும் நடப்பவர்கள் அதை வைத்துத்தான் நேரம் போடுகிறார்கள். இன்றைய அளவில் சொன்னால் 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கி.மீ. பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 + 1 = 3 மணி நேரம். இது பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடந்தால். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த கால்களுக்கு, படம் எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் நிற்பதையும் சேர்த்து, பாதியை மேலே போட்டு நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பாதி நாளில் முடியும் என்று நினைத்து மதியம் 2 மணிக்கு ஏறத் தொடங்கினோம். 6.30க்குத்தான் சூரியன் மறையும் என்று தெரியும். மரங்களுக்கு அடியில் அதற்கு வெகுநேரம் முன்பே இருட்டிவிடும் என்பதும், மலையின் கிழக்குச் சரிவில் வெளிச்சம் முதலில் போய்விடும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. கடைசி ஒன்றரை கிலோமீட்டரை 14 சதவீதம் சார்ஜ் இருந்த ஒரே ஒரு போனின் விளக்கில் இறங்கினோம். வரைபடமும் அதே போனில்தான் இருந்தது. அன்றிலிருந்து பையில் 60 கிராம்கூட வராத ஒரு தலைவிளக்கு கிடக்கிறது. வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறேன். கிளம்பும்போது 'எத்தனை மணிக்குத் திரும்பி நடக்க வேண்டும்' என்று ஒரு நேரத்தையும் முடிவு செய்கிறேன். உச்சி வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த மணிக்குத் திரும்புவதுதான்.

புதுக் காலணியைப் பயண நாளன்று முதல்முறை போடாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை, குதிகாலே சொல்லும். நீண்ட வார இறுதியில் திங்களன்று ஊர் சுற்றப் போகிறவர்கள், பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை என்பதைப் பார்த்துக்கொள்ளவும்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை ஒரு கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். சில பொருள்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது முழுப் பொருளாகப் படம் எடுத்தவை மங்கலாகத்தான் நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பெரிதாக்கி எடுத்தவற்றில் அந்தச் சேதம் இல்லை. ஆகவே எடுக்கத்தான் வேண்டும் என்றால், எதை எடுப்பது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு எடுக்கலாம்.

கைவேலை: பொருள் வாங்குவதையே கைவேலை என்று நினைப்பது

இங்கேதான் நான் அதிகம் தடுக்கி விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒரு வீடியோ பார்த்த சூட்டில் முழு செட்டும் வாங்கிவிடுவோம். 24 நிறத்தில் நூல், 12 அளவில் கொக்கி ஊசி, அதற்கென்று ஒரு பெட்டி. பெட்டியில் அடுக்குவதற்குள் ஆசை அடங்கிவிடும். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு 5 மி.மீ. கொக்கி, வெளிர் நிறத்தில் நடுத்தரத் தடிமன் நூல் ஒரு கண்டு, இது போதும். கறுப்பு நூலைத் தொடாதீர்கள். போட்ட பின்னல் கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிறத்தில் தப்பும் தெரியும், தப்பு எங்கே தொடங்கியது என்பதும் தெரியும்.

குரோஷேயில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது சொல் குழப்பம். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே பெயரை வேறு வேறு பின்னலுக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டிஷார் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்க 'டபுள்', பிரிட்டனில் 'ட்ரெபிள்'. தெரியாமல் மாற்றிப் போட்டால் கைக்குட்டை அளவில் வர வேண்டியது மேசை விரிப்பு ஆகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: செய்முறையில் எங்காவது 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு பின்னலே கிடையாது.

அடுத்தது ஓரம். வரிசையில் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண். நான் முதலில் பின்னிய கழுத்துத்துணி 30 கண்ணில் தொடங்கி 22 கண்ணில் முடிந்தது. பார்க்க ஒரு பக்கம் உருகிய மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிசை திரும்பும்போதும் கடைசிக் கண்ணை விட்டுவிட்டேன். அது எப்போதும் சற்றே சாய்ந்து ஒளிந்துகொண்டு நிற்கும். முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் வேறு நிற நூல் துணுக்கைச் செருகி வைத்தால் தப்பவே தப்பாது. இன்னொன்று, நூற்கண்டின் பட்டைச்சீட்டில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு லாட் எண் இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் போட்டவற்றுக்கு ஒரே எண். பெரிய வேலை என்றால் எல்லாக் கண்டுகளையும் ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். கடையில் ஒன்று போலத் தெரியும் இரண்டு நீலம், பின்னி முடித்து வெயிலில் விரித்ததும் நடுவில் கோடு போட்டுக் காட்டும்.

நோட்டுப் புத்தகம் கட்டுகிறவர்களுக்குக் காகிதத்தின் நார் ஓட்டம்தான் எல்லாம். இயந்திரத்தில் காகிதம் உருவாகும்போது பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் குறுக்குவாட்டில்தான் உப்பும், நீளவாட்டில் அவ்வளவாக நீளாது. நார் புத்தகத்தின் முதுகுப்பக்கத்துக்கு, அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டும் பக்கத்துக்கு, இணையாக ஓடினால் தாள் அமைதியாகப் புரளும். குறுக்கே ஓடினால் பசை காய்ந்ததும் முதுகு அலை அலையாகச் சுருங்கும், புத்தகம் விரிய மறுக்கும். வேடிக்கை என்னவென்றால், வழக்கமாகக் கிடைக்கும் ஏ4 தாளில் நார் நீளவாட்டில் ஓடுகிறது. அதை இரண்டாக மடித்து ஏ5 நோட்டு தைத்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். தாளை அழுத்தி மடிக்காமல் மெல்ல வளைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் வளைக்கும்போது எதிர்ப்பு குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு ஓடும் திசையே நாரின் திசை. ஒட்டியதை ஒரு இரவு முழுக்கக் கனமான பலகைக்கு அடியில் வைக்காமல் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதும் பெரிய குற்றம். எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும்.

மெழுகுவர்த்தி ஊற்றுவது சுலபம்போலத் தெரிவதால்தான் ஆபத்து. மெழுகை நேரடியாகத் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தீப்பற்றினால் தண்ணீரை ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும். மிச்ச மெழுகைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அது குழாய்க்குள் போய்க் கட்டியாகிவிடும். வாசனை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாலும் மெழுகு தாங்கும் அளவைத்தான் தாங்கும், மீதி மேலே கசியும்.

பரிசுக்கென்று கைவேலை தொடங்குகிறவர்கள் மறுபடி முதல் கணக்குக்கு வர வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே பேசினார்கள். 1994இல் வந்த ஒரு ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. பிறந்தநாளுக்கு முந்தைய சனிக்கிழமை போர்வை பின்னத் தொடங்குகிறவர் இந்த மாணவர்களுக்கு ஒன்றும் இளைத்தவர் இல்லை. ஒரு வரிசைக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து, மொத்த வரிசையால் பெருக்கி, மேலே பாதியைச் சேருங்கள். வருகிற எண்ணைப் பார்த்துப் போர்வையைப் புத்தகக்குறி ஆக்கிக்கொள்வதில் வெட்கமே இல்லை.

ஞாயிறு மாலை வேலையை அப்படியே சுருட்டிப் பையில் போடுவதும் ஒரு தப்புதான். அடுத்த சனிக்கிழமை எடுத்தால் எந்த வரிசை, எந்தக் கொக்கி, அடுத்து என்ன நிறம் என்று தேடியே ஒரு மணி நேரம் போகும், 18இல் ஒன்று. என் பையில் இப்போது நூலோடு ஊக்கு குத்திய சீட்டு ஒன்று இருக்கிறது: 'வரிசை 41. கொக்கி 5. அடுத்து இளநீலம். ஓரக் கண்ணை எண்ணு.'