யார்க் நகரில் குடியிருக்க இடம் தேடுவோருக்கு

வட இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்வோரில் பலர், வரைபடத்தில் மின்ஸ்டர் பேராலயத்தைக் கண்டுபிடித்து, அதற்கு எவ்வளவு அருகில் வீடு கிடைக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். 1220 வாக்கில் கட்டத் தொடங்கி 1472இல் நிறைவுபெற்ற அந்தப் பேராலயத்தின் நிழலில் வாழ ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அந்நகரின் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பவை ஊஸ், ஃபாஸ் என்னும் இரண்டு ஆறுகளும், அவற்றைக் கடக்கும் சில பாலங்களுமே ஆகும். நாள்தோறும் போகவேண்டிய இடம் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அடுத்து வெள்ள அபாயத்தைப் பார்த்து, அதன் பிறகே வீட்டைப் பார்க்கப் போவது நல்லது.

ரயில் நிலையம் ஊஸ் ஆற்றின் மேற்குப் பக்கத்தில் உள்ளது. பேராலயம், விக்கின்டன் சாலையில் உள்ள மருத்துவமனை, பழைய நகரைச் சூழ்ந்த மதிலை ஒட்டிய யார்க் செயின்ட் ஜான் பல்கலைக்கழகம், தென்கிழக்கே ஹெஸ்லிங்டனில் உள்ள யார்க் பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் மறுகரையில் இருக்கின்றன. நகருக்குள் வாகனங்கள் ஊஸைக் கடக்க லெண்டல், ஊஸ், ஸ்கெல்டர்கேட் பாலங்களும், சற்று வடக்கே கிளிஃப்டன் பாலமும் மட்டுமே உள்ளதால், வேலை நேரத்தில் இவற்றில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டராகத் தெரியும் தொலைவு, காரில் அரைமணி நேரத்தை விழுங்கிவிடலாம். நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. 2001இல் திறக்கப்பட்ட மில்லெனியம் பாலம் அவர்களுக்காகவே கட்டப்பட்டது. அது இருப்பதால் மேற்கரையின் சவுத் பேங்க் பகுதியில் குடியிருந்துகொண்டே நகர மையத்தைத் தொடாமல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவர முடிகிறது.

ஆகவே மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர்கள் மதிலுக்கு வடக்கேயுள்ள தி குரோவ்ஸ், கிளிஃப்டன், பூதம் பகுதிகளில் தேடுவதே மேல். நள்ளிரவில் பேருந்தை நம்பி நிற்க வேண்டியதில்லை. யார்க் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஹெஸ்லிங்டன், ஃபுல்ஃபோர்டு, ஃபிஷர்கேட், டாங் ஹால் ஆகியவை பொருந்தும். ரயிலில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடத் தொலைவில் உள்ள லீட்ஸ் நகரில் வேலை பார்ப்பவர்கள், நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய ஹோல்கேட், சவுத் பேங்க், பிஷப்தோர்ப் சாலைப் பகுதிகளை விரும்புகிறார்கள். ஊர் மக்கள் 'பிஷி ரோடு' என்றழைக்கும் பிஷப்தோர்ப் சாலையில் இறைச்சிக் கடை, காய்கறிக் கடை, ரொட்டிக் கடை எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் காரில்லாக் குடும்பத்துக்கு அது மிகவும் ஏற்ற இடம். அந்த வசதிக்குரிய விலை வாடகையில் தெரியும்.

சுமார் 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலுக்கு உள்ளே குடியிருப்பது தனி அனுபவம் என்பதில் ஐயமில்லை. தனியாகவோ இருவராகவோ, கார் இல்லாமல் வாழ்வோருக்கு அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தைகளோடு வருவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மையத் தெருக்களில் காலை பத்தரை மணிக்கு மேல் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வீட்டுச் சாமான்களை இறக்குவதற்கே நேரம் பார்க்க வேண்டும். கார் நிறுத்த அனுமதிச்சீட்டு கிடைக்குமா என்பது முகவரிக்கு முகவரி மாறும். நேவ்ஸ்மையர் மைதானத்தில் மே முதல் அக்டோபர் வரை நடக்கும் குதிரைப் பந்தய நாட்களிலும், நவம்பர் நடுவில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். பல வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுவதால் அண்டை வீட்டார் என்று யாருமே நிலைக்காத அடுக்ககங்களும் உண்டு. மையத்தில் ஒரு வீடு பிடித்துப்போனால், சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் அதே தெருவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊஸ் ஆற்றுக்கு ஸ்வேல், யூர், நிட் ஆறுகள் வழியாக யார்க்‌ஷர் டேல்ஸ் மலைகளின் நீர் வந்து சேர்கிறது. மலையில் பெய்த மழைக்கு நகரில் வெயிலடிக்கும் நாளில் ஆறு கரை கடப்பதை அங்கு வாழ்வோர் அனைவரும் அறிவர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஆறு வழக்கமான கோடைமட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5.4 மீட்டர் உயர்ந்தது. ஊஸ் பெருகும்போது அதன் நீர் ஃபாஸ் ஆற்றுக்குள் எதிர்த்து ஏறாமல் தடுக்க 1987இல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2015 டிசம்பர் 26 அன்று அதன் நீரேற்று நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகும் நிலை வந்ததால் கதவைத் தூக்க நேர்ந்தது. அதன் பின்னர் அந்தத் தடுப்பணை வலுப்படுத்தப்பட்டது. ஆற்றோரத்தின் வேறு பல இடங்களிலும் தடுப்புகள் எழுப்பப்பட்டன. அபாயம் குறைந்துள்ளது என்பது உண்மை. அதற்காக ஸ்கெல்டர்கேட், கிளெமென்தோர்ப், மேரிகேட், ஹன்டிங்டன் சாலையின் தாழ்ந்த பகுதி போன்ற இடங்களில் விசாரிக்காமல் வீடு எடுக்கலாகாது.

அரசின் வெள்ள அபாய இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டால் அந்த முகவரியின் நிலை தெரிந்துவிடும். நேரில் போகும்போது கதவு நிலையின் இருபக்கமும் கீழிருந்து முழங்கால் உயரம்வரை உலோகத் தடம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் வரும்போது பலகை செருகுவதற்காகவே அதை வைக்கிறார்கள். தரையை ஒட்டிய காற்றுத் துளைச் செங்கல்லுக்கு மூடி இருந்தாலும் அதே பொருள்தான். இவை இருப்பதாலேயே வீட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கையுள்ள உரிமையாளர் என்றும் கொள்ளலாம். ஆனால் தரைத்தளத்துக்குப் பதில் முதல் தளத்தைக் கேளுங்கள். வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைப்பதற்காக 2016இல் வந்த 'ஃப்ளட் ரீ' திட்டம், 2009ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. ஆற்றைப் பார்த்த புதிய அடுக்ககங்களைக் கண்டு மயங்குவோர் முன்கூட்டியே காப்பீட்டு விலை கேட்பது நலம்.

இந்நகரின் பெருவாரியான வாடகை வீடுகள் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளே. வெளிச்சுவரில் செங்கலின் நீளப்பக்கமும் குறுகிய முகமும் மாறிமாறித் தெரிந்தால் அது நடுவில் காற்று இடைவெளியற்ற ஒற்றைச் சுவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். குளிர் உள்ளே இறங்கும், ஈரம் தேங்கும், வெப்பச் செலவு கூடும். வடக்கு நோக்கிய படுக்கையறையில் அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்சுவரில் கரும்பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கத் தயங்க வேண்டாம். சமையலறையில் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி உள்ளதா என்பதையும் பாருங்கள். தாளிப்பு நம் அன்றாடமாக இருக்க, விசிறி இல்லாத வீட்டில் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைக்கவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடமென்றால் ஜன்னல் மாற்றவும் நகராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றி மாற்றுவது குற்றமாகும்.

நகருக்கு வெளியே ஹாக்ஸ்பி, ஸ்ட்ரென்சால், பாப்பிள்டன், காப்மன்தோர்ப் போன்ற ஊர்கள் குடும்பங்களுக்கு இதமானவை. இவற்றுள் பாப்பிள்டனுக்கு ரயில் நிலையம் உண்டு. ஹாக்ஸ்பி நிலையத்தை 1930இலேயே மூடிவிட்டார்கள். இன்னும் தள்ளிப் போகலாமென்றால் செல்பி, மால்டன், தர்ஸ்க் ஆகியவற்றுக்கு ரயில் இருக்கிறது, பாக்லிங்டனுக்குப் பேருந்துதான். வடக்கு வெளிவட்டச் சாலையின் பெரும்பகுதியில் திசைக்கு ஒரே தடம் என்பதால், காரை நம்பி வடக்கே வீடெடுப்பவர்கள் காலை எட்டு மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அரசுப் பள்ளிச் சேர்க்கை பெரும்பாலும் முகவரியைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15 என்பதை வைத்து வீடு மாறும் மாதத்தைத் திட்டமிடுங்கள்.

ஒப்பந்தம் எழுதும் கட்டத்தில், இங்கிலாந்துச் சட்டப்படி பொதுவாக ஒரு வார வாடகைக்கு மேல் முன்பதிவுத் தொகையோ, ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணமோ கேட்கக் கூடாது. வீட்டைப் பார்க்காமலேயே ஊரிலிருந்து பணம் அனுப்பச் சொல்பவர் யாராயினும் விலகிவிடுங்கள். அங்கே தெரிந்தவர் ஒருவரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணத்தைப் பெற்ற முப்பது நாட்களுக்குள் உரிமையாளர் அதை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து விவரத்தைத் தர வேண்டும்; அது வரவில்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.